லாரி டயர் வெடித்தால்: புது ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனரக லாரியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் பெரும்பாலும் மூன்றரை மீட்டர். தடத்தின் நடுவில் போனாலும் இரு பக்கமும் அரை மீட்டர்தான் மிச்சம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுவோம். அப்போது வண்டியின் மூக்கு வெறும் 2 டிகிரி திரும்பினாலே, அந்த நொடி முடிவதற்குள் முக்கால் மீட்டர் ஒதுங்கி, பக்கத்துத் தடத்தில் கால் வைத்துவிடும். முன் டயர் வெடிக்கும்போது ஓட்டுநருக்குக் கிடைக்கிற அவகாசம் இவ்வளவுதான்.

யோசித்து முடிவெடுக்க அது போதாது. பழகிய கையும் காலும்தான் அப்போது வேலை செய்யும். கை பெரும்பாலும் சரியாகவே நடந்துகொள்கிறது. சிக்கல் காலில்தான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டதும் அது தானாகப் பிரேக்கைத் தேடிப் போகும். காரிலும் பைக்கிலும் வருஷக்கணக்கில் பழகிய கால் அது. லாரிக்கு வரும் புதியவர்களிடம் நான் முதலில் பேசுவது அந்தக் காலைப் பற்றித்தான்.

வெடித்தது எந்த டயர்?

வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது எந்த டயர் போனது என்பதைப் பொறுத்தது. சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கேபினுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் வெடித்தது காதில் விழாமலே போகலாம். உள்ளங்கை, இருக்கை, கண்ணாடி, இந்த மூன்றும் சொல்வதைக் கவனியுங்கள்.

முன் டயர் என்றால் சந்தேகமே வராது. ஸ்டீயரிங் சட்டென்று கனத்து, வெடித்த பக்கம் பிடுங்கும். கேபினின் அந்த மூலை இறங்கும். காரணம் எளிது. காற்று நிறைந்த டயர் சுலபமாக உருளும். காற்று போன டயர் நசுங்கி, சாலையோடு தேய்ந்துகொண்டு வரும். வண்டியின் ஒரு முன் மூலையை யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது போன்ற நிலை. இன்னொரு மூலை தடையில்லாமல் போகிறது, இது மட்டும் பின்தங்குகிறது, அதனால் மூக்கு வெடித்த பக்கம் திரும்புகிறது. போதாக்குறைக்கு, பக்கவாட்டில் சாலையைப் பற்றி வண்டியைத் திருப்ப இரண்டு டயர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றரைகூட இல்லை. ஸ்டீயரிங்கை வழக்கத்தைவிட அதிகம் திருப்பினால்தான் வண்டி கேட்கும்.

வளைவில் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். இடப்பக்கம் வளையும் சாலையில் அதிகப் பாரத்தைத் தாங்குவது வலப்பக்க முன் டயர். அது போனால் வண்டி வளைவை விட்டு வெளியே நேராக ஓடப் பார்க்கும். உள்பக்க டயர் போனால் வளைவுக்குள்ளேயே இழுக்கும்.

பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துப் பூட்டிய ஜோடி டயர்களில் ஒன்று போனால் கதை வேறு. பல நேரம் எதுவுமே தெரியாது. பக்கத்து டயர் அச்சைத் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் வண்டி சாயாது, இழுக்காது. புதிதில் எனக்கே இது நடந்தது. ஏதோ ரப்பர் கருகும் வாசனை வருகிறதே, முன்னால் போகிற வண்டியிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். டீ குடிக்க நிறுத்தி இறங்கியபோதுதான் உள் டயர் கந்தலாகத் தொங்குவதைப் பார்த்தேன். வெளி டயரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அந்தச் சூடுதான் இங்கே உண்மையான ஆபத்து. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் உதாரணமாக 152/148 என்று அச்சிட்டிருக்கும். 152 என்றால் தனியாக ஓடும்போது 3550 கிலோ தாங்கும். 148 என்றால் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 3150 கிலோ. ஒரு ஜோடி தன் முழு அளவுக்குச் சுமந்தால் 6300 கிலோ. ஒன்று போனதும் அந்த 6300 கிலோவும் 3550 கிலோவுக்குச் செய்த ஒற்றை டயரின் மேல் உட்காரும். அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் அதுவும் வெடிக்கும் அல்லது தீப்பிடிக்கும்.

ஒரே பக்கத்தில் இரண்டும் போய்விட்டால் வண்டியின் பின்பகுதி அந்தப் பக்கம் இறங்கி, வாலாட்டுவது போல இடமும் வலமும் அலையும். இருக்கையில் தடதடவென்ற அதிர்வு தெரியும். ஜோடிக்குப் பதிலாக அகலமான ஒற்றை டயர் போட்ட அச்சுகளில் முட்டுக்கொடுக்க ஆளே கிடையாது. ஒன்று போனாலே இந்த நிலைதான்.

டிரெய்லர் டயரைக் கண்ணாடியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். புகை, பறக்கும் ரப்பர் துண்டு, ஒரு பக்கம் சாய்ந்த பெட்டி. டேங்கர், உயரமாக லோடு ஏற்றிய வண்டி என்றால் அந்தச் சாய்வை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரத்தின் மையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் வேகமாக ஸ்டீயரிங் ஒடித்தால் கவிழ்வதற்கு அதுவே போதும்.

வெடித்த நொடியில்

எந்த டயர் என்று கண்டுபிடித்த பிறகுதான் செயல்பட வேண்டும் என்றில்லை. முதல் இரண்டு மூன்று நொடிகளுக்குச் செய்ய வேண்டியது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இந்த வரிசையை மனதில் வையுங்கள்.

முதலில் கை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்கள் சரி. சொல்லப்போனால் வெடித்த பிறகு பிடிப்பது தாமதம்தான். ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கை ஸ்டீயரிங்கின் கீழே ஒரு விரலில் என்று ஓட்டுகிறவர் கையிலிருந்து முன் டயர் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். எப்போதும் இரு கையாலும் ஓட்டுகிறவருக்குத்தான் இந்த முதல் படி ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அடுத்தது கால். பிரேக்குக்குப் போகக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று எடுக்கவும் கூடாது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முன் டயர் போய் வண்டி இழுத்தால் வேகம் குறையாத அளவுக்கு லேசாக அழுத்துங்கள். இதைக் கேட்டதும் புதியவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டயர் வெடித்த வண்டியை யாராவது முடுக்குவார்களா? வேகத்தைக் கூட்டச் சொல்லவில்லை. பின் சக்கரங்கள் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்வரை, வெடித்த மூலை பின்னால் இழுப்பதை அந்தத் தள்ளல் ஓரளவு ஈடுகட்டும், வண்டி நேராக நிற்க வழி கிடைக்கும். ஓரிரு நொடிக்குத்தான் இது தேவை.

அந்த ஓரிரு நொடியில் வண்டியை உங்கள் தடத்துக்குள் நேராக்குங்கள். இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், தேவையான அளவு மட்டும். ஒரேயடியாக ஒடித்தால் வண்டி மறுபக்கம் பாயும்; அதைத் திருத்த இன்னொரு ஒடி; அப்படியே ஊஞ்சலாடிக் கவிழும்.

நேராகிவிட்டது என்று கையில் உறுதியாகத் தெரிந்த பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வண்டி தன் பாட்டுக்கு வேகம் குறையட்டும். நசுங்கிய டயரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும். வேகம் குறையக் குறைய இழுப்பும் மாறும். இழுப்புக்கு எதிராகக் கொடுத்திருந்த திருப்பத்தை அதற்கேற்பத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இழுப்பு மாறிய பிறகும் கை அதே இடத்தில் இறுகியிருந்தால் வண்டி எதிர்த்தடத்துக்குப் போகும்.

நன்றாக வேகம் குறைந்த பிறகு, ஆள் ஓடுகிற வேகத்துக்கு வந்தாயிற்று என்றால், பிரேக்கை மெதுவாகத் தொடலாம்.

இதற்கு ஒரே விலக்கு: எதிரே மோதப் போகிற பொருளோ ஆளோ இருந்தால். அப்போது பிரேக் போடத்தான் வேண்டும். அதையும் வண்டி நேராக இருக்கும்போது, படிப்படியாக அழுத்தம் கூட்டிப் போடுங்கள். முன்னால் போகிற வண்டிக்கு நெருக்கமாக ஓட்டாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இடைவெளி இருக்கிறவருக்குத்தான் பிரேக் போடாமல் இருக்கும் வசதி உண்டு.

பிரேக் ஏன் கூடாது?

மூன்று காரணம். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாயும். ஏற்கெனவே நசுங்கிய முன் டயரின் மேல் இன்னும் எடை ஏறும். ரிம் சாலையைத் தொட்டு உரச ஆரம்பிக்கும். இரண்டாவது, நல்ல டயர் இருக்கும் பக்கம் பிரேக் பிடிக்கிற விதமும் கந்தல் டயர் பக்கம் பிடிக்கிற விதமும் ஒன்றாக இருக்காது, வண்டி முறுக்கும். மூன்றாவது, முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்த விசை போய்விடும்.

பெரும்பாலான பயிற்சிகளில் விட்டுப்போகும் ஒரு விஷயமும் உண்டு. எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ (பிரேக் மிதியைத் தொடாமலே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவிகள்) போட்டு வைத்திருந்தால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே அது பிடித்துக்கொள்ளும். நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் வண்டி பிரேக் போட்டுவிட்டது. காலை மெல்ல எடுக்கச் சொல்வதில் இதுவும் அடக்கம். சமதளத்தில் வேகமாக ஓடும்போது தேவையில்லாமல் அதை இயக்கத்தில் வைத்திருக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று உங்கள் கையில் இல்லாதது. வெடித்த டயரின் துண்டுகள் சாட்டை போலச் சுழன்று அடிக்கும். மட்கார்டு பிய்யும், விளக்கு ஒயர் அறுபடும், சில நேரம் பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயும் அறுபடும். லாரியின் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிப்பது. காற்றழுத்தம்தான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது. காற்று வெளியேறினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். டிரெய்லருக்குப் போகும் காற்று அறுந்தாலும் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடிக்கும். அதனால் வண்டி கட்டுக்குள் வந்ததும் ஒரு பார்வை காற்றழுத்த மானிக்குப் போகட்டும். முள் இறங்கிக்கொண்டிருந்தால் நிறுத்த நல்ல இடம் தேடிக்கொண்டு போக உங்களுக்கு நேரம் இல்லை. கிடைத்த ஓரத்தில் நிறுத்துங்கள்.

ஒதுக்குவதும் நிறுத்துவதும்

அபாய விளக்கைப் போட்டு, கண்ணாடி பார்த்து, தடம் தடமாக ஓரத்துக்கு வாருங்கள். கெட்டியான, சமமான தரையாக இருக்க வேண்டும். மண் ஓரத்தில் முன் ரிம் புதைந்தால் வண்டி அங்கேயே சாயலாம். சாயாவிட்டாலும் ஜாக்கி நிற்காது. வளைவிலும் மேட்டுக்கு அப்பாலும் நிறுத்தினால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

நல்ல இடத்துக்காகச் சில நூறு மீட்டர் ஊர்ந்து போவதில் தவறில்லை. அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம் என்பது தவறு. ஜோடியில் ஒன்றுதானே போனது என்று முழு லோடோடு கிலோமீட்டர் கணக்கில் ஓட்டினால் ஒரு டயர் செலவு இரண்டு டயர் செலவாகும். அது குறைந்தபட்ச இழப்பு.

போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் போதுமான தூரத்தில் வையுங்கள். அப்புறம் எல்லா டயரையும் சுற்றிப் பாருங்கள். வெடித்தது இதுதான் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, மற்றதையும் பாருங்கள். ஜோடியில் ஒன்று போயிருப்பதைக் கண்டுபிடிக்க இறங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி பல நேரம் இல்லை.

புகை வந்தால் கிட்டே போய் எட்டிப் பார்க்காதீர்கள். சூடேறிய டயர் நின்ற இடத்திலேயே வெடிக்கும். அதன் பக்கச் சுவருக்கு நேரே நிற்கக் கூடாது. டயர் தீயைப் பவுடர் தீயணைப்பான் அமர்த்திவிட்டது போலத் தோன்றும். உள்ளே சூடு இருப்பதால் திரும்பவும் பற்றும். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

டயர் திடீரென்று வெடிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆணி, உடைந்த இரும்பு, பெரிய குழி போன்றவற்றை விட்டால், பெரும்பாலான டயர்கள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சூடேறித்தான் போகின்றன. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் மடிப்பில் சூடேறுமே, அதேதான். கூடவே அதிக லோடும் வேகமும் சேர்ந்தால் ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியும் ஒட்டியிருக்கும் பிடி விடத் தொடங்கும்.

ஆகவே காற்று மானி. இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது பழைய பழக்கம். அடியோடு காற்று இல்லாத டயரை அது காட்டும், 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டிய டயரில் 85 இருப்பதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. கண்ணும் கண்டுபிடிக்காது, அதிலும் ஜோடியில் பக்கத்து டயர் தூக்கிப் பிடித்திருப்பதால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சொன்ன அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ காற்றோடு ஓடிய லாரி டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கருத வேண்டும் என்பது டயர்த் தொழிலில் உள்ள விதி. 110க்கு அது 88.

டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், அதாவது காலையில் வண்டி நகரும் முன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. 30 டிகிரியில் 110 காட்டிய டயர் 65 டிகிரிக்குச் சூடேறினால் 124 வரை காட்டும். 'ஐயோ, ஏறிவிட்டதே' என்று வழியில் காற்றை இறக்கி 110 ஆக்கினால், மறுநாள் காலை அது 97தான் இருக்கும். வெடிக்கக் கூடாது என்று செய்த காரியமே வெடிக்க வழி செய்துவிடும்.

உள் டயரின் வால்வுக்குக் கை எட்டாது என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள். அதிகம் போவது அதுதான் என்பது என் அனுபவம். வால்வை நீட்டிக்கும் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், மூடியையும் தொலைக்காதீர்கள். ஜோடிக்கு நடுவே சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள். அது இரண்டு பக்கச் சுவரையும் குடையும். ஜோடியில் ஒன்று புதியது, ஒன்று மொட்டை என்று போட்டால் உயரமான டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கும்.

பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளம் வெட்டிய மேல் ரப்பர், எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட அதன் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள், வழக்கமாக 1.6 மி.மீ. உயரம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. முன் டயரை அதற்கு வெகு முன்பே மாற்றிவிடுவது என் பழக்கம்.

பட்டன் நிறைய இருப்பதால் மட்டும் டயர் நல்லது என்று ஆகிவிடாது, வயதும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பிரிட்டனில் 10 ஆண்டோ அதற்கு மேலோ ஆன டயரை லாரி, பஸ் முன் அச்சில் போடுவதை 2021 பிப்ரவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். முன் அச்சுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்பது மேலே படித்ததிலேயே புரியும். ரீட்ரெட் டயரையும் (தேய்ந்த டயரின் மேல் புது பட்டன் ஒட்டியது) முன்னால் போட வேண்டாம். பின்னால் நன்றாகவே உழைக்கும். சாலையோரம் கிடக்கும் ரப்பர் துண்டெல்லாம் ரீட்ரெட்டிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். காற்றில்லாமல் ஓடிய புது டயரும் அப்படித்தான் உரியும்.

டயரில் வேகத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. கே என்றால் மணிக்கு 110 கி.மீ., எல் என்றால் 120, எம் என்றால் 130. இதெல்லாம் சரியான காற்றும் சரியான லோடும் இருந்தால்தான்.

காற்றில்லாமல் ஓடிய டயருக்குக் காற்று அடிக்கும் முன்

வழியில் காற்று குறைந்த டயரைக் கண்டுபிடித்தால், 'கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு போய்விடலாம்' என்ற எண்ணம் வரும். அந்தக் குறைந்த காற்றில் ஓடியபோது பக்கச் சுவருக்குள் எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கி நைந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. காற்று ஏற ஏற அந்தக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, பையின் ஜிப்பைத் திறந்தது போலப் பக்கச் சுவர் கிழியும். 100 பி.எஸ்.ஐ.யில் பக்கத்தில் குனிந்திருக்கும் ஆளைத் தூக்கி எறிகிற வேகம் அதற்கு உண்டு. ஓடும்போது வெடிக்கும் டயருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கேபினாவது இருக்கிறது.

எனவே அந்த டயரைக் கழற்றிக் கடைக்குக் கொடுங்கள். உள்ளும் புறமும் பார்த்த பிறகு, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கட்டும். வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பும் நீளமான குழாயும் இருக்க வேண்டும். அடிக்கிறவர் பக்கச் சுவருக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்க வேண்டும். காற்று ஏறும்போது பொரி பொரிவது போலப் படபடவென்று சத்தம் கேட்டாலோ, பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தாலோ உடனே அடிப்பதை நிறுத்தி, நிற்கிற இடத்திலிருந்தே காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இறங்கி முடியும்வரை யாரும் அந்த டயருக்குப் பக்கத்தில் போகக் கூடாது.